விண்கப்பல் அதிகாரியும் எல்லைக் காவலரும்

கேள்வி: வழக்கறிஞர் ஐயாவுக்கு வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டையைச் சேர்ந்தவள். பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். என் அப்பா எல்லைப் பாதுகாப்புப் படையில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளிக் கற்பனைத் தொடர்களைப் பார்ப்பது வழக்கம். அதில் வரும் ‘ஸ்டார்ஃப்ளீட்’ என்ற விண்கப்பல் படை ராணுவமா, இல்லையா என்று எங்களுக்குள் வாக்குவாதம். புது உலகங்களைத் தேடிப் போகும் ஆராய்ச்சி அமைப்பு அது, கேப்டன் பிக்கார்டே ராணுவம் இல்லை என்று சொல்கிறார் என்பது என் கட்சி. பதவிப் பட்டை, ஆயுதம், உத்தரவு எல்லாம் இருக்கும்போது வேறென்ன என்பது அப்பாவின் கட்சி. கடைசியில், “எல்லையில் நின்றவனையே ராணுவம் இல்லை என்றுதானே சொன்னார்கள்” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய்விட்டார். முன்னாள் படைவீரர் சலுகை கேட்டுப் போன இடத்தில் ‘நீங்கள் அதில் வரமாட்டீர்கள்’ என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்று முதல் நாங்கள் தொடரைப் பார்க்கவில்லை. சட்டப்படி எது சரி என்று சொல்வீர்களா?

பதில்: அன்புள்ள மகளுக்கு வணக்கம்.

படைப்பணியில் இருந்தவர்களின் ஓய்வூதிய வழக்குகளை நடத்துகிறவன் நான். நெகிழி உறைக்குள் பத்திரப்படுத்திய பணி விடுவிப்புச் சான்றையும் ஓய்வூதிய ஆணையையும் மேசைமேல் வைத்துவிட்டு, அவை கலையாமல் ஒரு கையை மேலே வைத்துக்கொண்டு பேசுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் கேட்பதும் சுற்றிவளைத்து இதே கேள்விதான்: நான் யார் கணக்கில் வருகிறேன்? ஆகவே, நீங்கள் கேட்டிருப்பது கற்பனைப் படை ஒன்றைப் பற்றியதாக இருந்தாலும் விளையாட்டுக் கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ஃப்ளீட் ராணுவம்தான். அப்பாவின் கட்சி வெல்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல.

சீருடையும் பதவிப் பட்டையும் மட்டுமே ஓர் அமைப்பை ராணுவமாக்கிவிடாது. அமெரிக்காவில் கடலையும் வானிலையையும் ஆராயும் நோவா என்ற அரசு நிறுவனத்தில் அதிகாரிப் படை ஒன்று உண்டு. லெஃப்டினன்ட், கமாண்டர், கேப்டன் என்று கடற்படைப் பதவிகள், கடற்படையினர் அணிவதைப் போன்ற சீருடை, அரசின் நியமன ஆணை எல்லாம் அவர்களுக்கு இருக்கின்றன. ஆராய்ச்சிக் கப்பல்களையும் சூறாவளிக்குள் நுழையும் விமானங்களையும் அவர்கள்தான் ஓட்டுகிறார்கள். ஆனாலும் அந்நாட்டுச் சட்டம் அவர்களை ஆயுதப் படையில் சேர்க்கவில்லை. ‘சீருடைப் பணி’ என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. மருத்துவர்களும் செவிலியர்களும் அடங்கிய பொதுச் சுகாதாரப் பணி அதிகாரிகளும் அதே வகைதான். ஆக, உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. ஸ்டார்ஃப்ளீட்டும் இப்படி ஒரு படையாக இருந்திருக்கலாம். இல்லை என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டும்.

‘அதன் நோக்கம் ஆராய்ச்சி’ என்ற உங்கள் வாதமும் அப்படித்தான். நோக்கத்தை வைத்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நம் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். சந்தாயக் கப்பலின் அன்றாட வேலை கடலடியை அளந்து வரைபடம் தயாரிப்பது. ஆனால் அது போர்ப்படைக் கப்பல். 1983 முதல் கடலாராய்ச்சி செய்துவரும் சாகர் கன்யா புவி அறிவியல் அமைச்சகத்தின் கப்பல், அது முழுக்க முழுக்கக் குடிமைக் கப்பல். வேலை ஏறக்குறைய ஒன்று, சட்ட நிலை வேறு.

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம், சேலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு பாரமஹாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. இங்கே நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இருவரும் கம்பெனியின் ராணுவ அதிகாரிகள். ஆனால் இங்கே அவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை நிலத்தை அளப்பது, மண்ணைத் தரம் பிரிப்பது, வரி நிர்ணயிப்பது. அந்த ஏழு ஆண்டுகளில் மன்றோவைப் பார்த்த விவசாயி அவரை வரிக்கணக்குப் பார்க்கும் துரை என்றுதான் நினைத்திருப்பார். 1799இல் திப்புவோடு கடைசிப் போர் வந்தது. ரீட் தலைமையில் பாரமஹாலிலிருந்து ஒரு படைப்பிரிவு புறப்பட்டது. மன்றோவும் அதில் போனார்.

இன்னொரு பக்கம், ஏற்காட்டில் வாழ்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்திய மனிதனின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியவர் அவர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஊழியர். அவரும் அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கினார், அவரும் யாரும் போகாத காடுமேடுகளில் அலைந்தார். சேர்வராயன் மலையில் ஏறுகிறவர்கள் ஏரிக்கரையோடு திரும்பிவிடாமல், இப்படி ஒருவர் அங்கே குடியிருந்தார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் போர் வந்தால் ஃபூட்டுக்கு உத்தரவு வராது. துப்பாக்கியை எடு என்று சொல்ல யாருக்கும் சட்டப்படி அதிகாரம் இல்லை. மறுத்தால் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தவும் முடியாது.

நான் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான். ஓர் அமைப்பு அமைதிக் காலத்தில் என்ன செய்கிறது என்பது பெரிய விஷயம் இல்லை. போர் வரும் நாளில் சண்டையிடும் கடமை அதன் ஆட்களுக்குச் சட்டப்படி உண்டா? அந்தக் கடமையை மறுத்தால் தனிச் சட்டம், தனி நீதிமன்றம், தனித் தண்டனை உண்டா? உண்டு என்றால் அது ராணுவம்.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு போர்க்கப்பல் எது என்பதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. 1982இல் உருவான அந்த உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்றது. அந்தப் பிரிவில் பீரங்கியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கப்பல் ஒரு நாட்டின் ஆயுதப் படைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், எந்த நாட்டுப் போர்க்கப்பல் என்பதற்கு வெளியே அடையாளம் வேண்டும், அரசு நியமித்து அதிகாரிகள் பட்டியலில் பெயர் ஏறிய ஒருவர் தலைமை தாங்க வேண்டும், மாலுமிகள் ஆயுதப் படை ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்க வேண்டும். ஸ்டார்ஃப்ளீட்டின் எண்டர்பிரைஸ் கப்பலை இந்த வரிகளுக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். மேலோட்டிலேயே பெயரும் பதிவு எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. கேப்டன் நியமன அதிகாரி. ஒழுங்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1967இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், உடன் பணியாற்றிய அதிகாரி ஒருவரின் சாவுக்குக் காரணமானதாக முதல் தொடரின் கேப்டன் கிர்க்கை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். மூத்த அதிகாரிகள் நீதிபதிகளாக அமர்ந்திருக்க, அவர் வாங்கிய விருதுகளின் பட்டியலைக் கணினி வாசித்துக்கொண்டே போகிறது. தாலோஸ் என்ற தடைசெய்யப்பட்ட கிரகத்துக்கு யாராவது போனால் மரண தண்டனை என்ற பொது ஆணையும் அந்தப் படையில் இருக்கிறது. கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் அதற்காக விசாரணையைச் சந்திக்கிறார். எந்த ஆராய்ச்சி நிறுவனம் தன் ஊழியரை இப்படி நடத்த முடியும்?

மீதி இருப்பது ஒரே கேள்வி: அது கூட்டமைப்பின், அதாவது அந்தக் கதையில் பல கிரகங்கள் சேர்ந்து அமைத்த அரசின், ஆயுதப் படைதானா? 1990களில் வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் டொமினியன் என்ற எதிரி அரசோடு முழுப் போர் நடக்கிறதே, கூட்டமைப்பின் சார்பில் களத்தில் நிற்பது யார்? ஸ்டார்ஃப்ளீட்தான். அந்தக் காலத்துக் கூட்டமைப்புக்கு அதைத் தவிர வேறு படையே கிடையாது. ஒரு நாட்டுக்கு ஒரே படை இருந்து, அந்தப் படையே போரையும் நடத்தினால், அதன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது அந்நாட்டின் ராணுவம்.

இந்த நிலை கற்பனை உலகத்துக்கு மட்டும் உரியதல்ல. 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பான் அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தரை, கடல், வான் படைகளை வைத்துக்கொள்ள மாட்டோம் என்கிறது. 1954இல் அங்கே தற்காப்புப் படை உருவானது. அதில் நீர்மூழ்கிக் கப்பல் உண்டு, போர் விமானம் உண்டு. அவர்களுடைய நாசகாரிக் கப்பல்களைப் பாதுகாப்புத் துணைக் கப்பல்கள் என்றுதான் அழைக்கிறார்கள். ஸ்டார்ஃப்ளீட்டும் சண்டைக்கென்றே கட்டிய டிஃபையன்ட் கப்பலுக்கு அதே வகைப் பெயரைத்தான் கொடுத்திருக்கிறது. உள்நாட்டில் எப்படி அழைத்தாலும், போர் என்று வந்தால் சர்வதேசச் சட்டம் ஜப்பானியப் படையினரை ராணுவத்தினராகத்தான் நடத்தும்.

ஸ்டார் டிரெக்கைப் படைத்த ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானப் படையில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். போரைக் கண்ணால் பார்த்தவர், எதிர்கால மனிதன் துப்பாக்கியை முன்னிறுத்தாமல் அறிவை முன்னிறுத்துவான் என்று கனவு கண்டதை நான் மதிக்கிறேன். பிக்கார்ட் அதைச் சொல்லும்போது உங்கள் மனம் அவர் பக்கம் போனது இயல்பு. ஆனால் அந்தக் கனவைக் காப்பாற்ற ‘ராணுவம் இல்லை’ என்று சொல்லத் தேவையே இல்லை. 1967இல் உருவான விண்வெளி உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு நிலவிலும் பிற விண்பொருள்களிலும் ராணுவத் தளம், ஆயுதச் சோதனை, போர்ப் பயிற்சி ஆகியவற்றைத் தடை செய்கிறது. அடுத்த வரியிலேயே, அறிவியல் ஆராய்ச்சிக்கு ராணுவத்தினரைப் பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை என்றும் சொல்கிறது. 1984இல் விண்ணுக்குப் போன ராகேஷ் சர்மா விமானப் படை அதிகாரி. ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நால்வரும் விமானப் படையினர். அவர்களை அனுப்பும் இஸ்ரோ குடிமை அமைப்பு. ராணுவத்தார் ஆராய்ச்சி செய்யலாம். அதற்காகத் தன் ராணுவ நிலையை மறைக்க வேண்டியதில்லை.

மறைத்தால் யாருக்குக் கேடு என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1992இல் வந்த ஓர் அத்தியாயத்தை அப்பாவோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். ரகசியப் பணிக்குப் போன பிக்கார்ட் கார்டாசியர்கள் என்ற எதிரி இனத்தாரிடம் சிக்கிக்கொள்கிறார். அவர் உத்தரவின் பேரில்தான் வந்தார் என்று கூட்டமைப்பு ஒப்புக்கொண்டால் போர்க் கைதிக்குரிய உடன்படிக்கைப்படி நடத்த வேண்டியிருக்கும், இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்ற நிலை. ஒப்புக்கொண்டுவிடலாம் என்று பிக்கார்டின் துணை அதிகாரி ரைக்கர் மன்றாடுகிறார். பிக்கார்டின் இடத்துக்கு வந்த புதிய கேப்டன் மறுத்துவிடுகிறார். அந்த மறுப்பின் விலையைச் சித்திரவதை அறையில் பிக்கார்ட் தன் உடம்பால் கொடுக்கிறார். ‘ராணுவம் இல்லை’ என்று ஒரு காலத்தில் பெருமையோடு சொன்ன அதே மனிதருக்கு, தன்னை அனுப்பிய அரசு ‘இவர் எங்கள் படையாள்’ என்று சொல்லும் ஒரு வாக்கியம் உயிர்த் தேவையாகிறது.

இது கதாசிரியரின் கற்பனை மட்டுமல்ல. மேலே சொன்ன நோவா அதிகாரிப் படையின் வேர் 1917இல் இருக்கிறது. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய நேரம். கடற்கரையையும் நிலத்தையும் அளந்துகொண்டிருந்தவர்கள் ராணுவத்துக்காக அளக்கப் போக வேண்டியிருந்தது. சாதாரண உடையில், கையில் வரைபடத்தோடு எதிரியிடம் பிடிபட்டால் ஒற்றர் என்று சுட்டுவிடுவார்கள். சீருடையும் நியமன ஆணையும் இருந்தால் போர்க் கைதியாக நடத்துவார்கள். அதற்காகத்தான் அந்த நில அளவையாளர்களுக்கு அதிகாரிப் பதவி கொடுத்தார்கள். தன் ஆட்களைக் காக்க நினைத்த அரசு செய்த காரியம் அது.

ஆராய்ச்சிக் கப்பலுக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. 1779இல் அமெரிக்கா பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது, பாரிஸிலிருந்த அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கடலாராய்ச்சிப் பயணத்தில் இருந்த கேப்டன் குக்கின் கப்பலைக் கடலில் கண்டால் பகைவராக நடத்தாமல் உதவி செய்யுங்கள் என்று அமெரிக்கக் கப்பல் தலைவர்களுக்கு எழுதினார். குக் அதற்கு முந்தைய மாதமே ஹவாயில் கொல்லப்பட்டிருந்தார், செய்தி எட்டவில்லை. குக் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி என்பது ஃபிராங்க்ளினுக்குத் தெரியும். அந்தப் பயணத்தின் அறிவியல் பயனுக்காகவே அப்படி எழுதினார். 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை ஒன்று அந்தக் கருத்தையே சட்டமாக்கி, அறிவியல் பணியிலுள்ள கப்பல்களைக் கைப்பற்றக் கூடாது என்றது. ஆனால் அப்படிப்பட்ட கப்பல் சண்டையில் இறங்கக் கூடாது. இறங்கினால் பாதுகாப்பு போய்விடும்.

ஸ்டார்ஃப்ளீட் மீது எனக்குள்ள கோபம் இங்கேதான். 1987இல் தொடங்கிய தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலில் குடும்பங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் நடைபாதைகளில் ஓடுகிறார்கள். அதே கப்பலில் டார்பிடோக்கள் இருக்கின்றன. அது எல்லைக்குப் போய் எதிரிக் கப்பலோடு மோதுகிறது. ஆராய்ச்சிக் கப்பல் என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, போர்க்கப்பலின் வேலைக்கு அதை அனுப்புவது எந்த நாட்டுச் சட்டத்திலும் நியாயமாகாது. பகைவன் அந்தக் கப்பலைச் சட்டப்படியே ராணுவ இலக்காகக் கருதலாம். உள்ளே இருக்கும் குழந்தைகள் குடிமக்கள்தான், ஆனால் குண்டுக்கு அது தெரியாது. ‘நாங்கள் ராணுவம்’ என்று ஒப்புக்கொண்ட அமைப்பாக இருந்திருந்தால், பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது முதல் விதியாக இருந்திருக்கும்.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன அளவுகோலை எல்லைப் பாதுகாப்புப் படைக்கு வைத்துப் பார்க்கலாம். 1965 டிசம்பர் 1ஆம் தேதி உருவான படை அது. 1968ஆம் ஆண்டின் தனிச் சட்டம் அதை ‘ஒன்றியத்தின் ஆயுதப் படை’ என்றே சொல்கிறது. அந்தப் படைக்கென்று தனி நீதிமன்றங்கள் உண்டு. எதிரிக்கு முன் காவலிடத்தைக் கைவிட்டு ஓடினால் மரண தண்டனை வரை கொடுக்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு ராணுவத்தினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு இடம் கொடுக்கிறதே, அதே பிரிவு உங்கள் அப்பாவின் உரிமைகளையும் குறைத்தது. சங்கம் வைக்க முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 1971 போரில் அந்தப் படை ராணுவத்தின் கட்டளையின் கீழ் களத்தில் நின்றது. கடமையைப் பொறுத்தவரை உங்கள் அப்பா படைவீரர்தான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ‘முன்னாள் படைவீரர்’ என்ற சலுகை வரையறை தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றோடு நின்றுவிடுகிறது. எல்லைப் பாதுகாப்புப் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இல்லை, உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அதனால்தான் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியவர் விதிப்படி நடந்தார், விதிதான் நியாயமாக இல்லை. தண்டனைக்கு ஆயுதப் படை, சலுகைக்கு இல்லை என்ற நிலையை நான் ஏற்கவில்லை. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், எல்லைப் பாதுகாப்புப் படை உள்ளிட்ட மத்திய ஆயுதக் காவல் படைகளும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, எனவே அவர்களுக்கும் பழைய ஓய்வூதியத் திட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த வழக்கு ஓய்வூதியத்தைப் பற்றியது என்றாலும், அடியில் இருப்பது உங்கள் வீட்டு வாக்குவாதம்தான்.

நடைமுறையில் அப்பா தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பணி தொடர்பான குறை எதுவானாலும் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டாம். அது முப்படையினருக்கு மட்டும் உரியது, மனுவை ஏற்காது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. 2012இல் உள்துறை அமைச்சகம் ‘முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்’ என்று அவர்களுக்குத் தனி நிலை கொடுத்திருக்கிறது. அவர்களுக்கென்று நலவாரியமும் தனி அங்காடிகளும் உண்டு. கேட்க வேண்டிய கதவு அது.

உங்களுக்கும் ஒரு செய்தி. பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் மத்திய ஆயுதக் காவல் படையினரின் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. தொழிற்படிப்பில் முதலாண்டு சேர்ந்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய். விண்ணப்பத்தைத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போட வேண்டும். நீங்கள் முதலாண்டு என்று எழுதியிருப்பதால் இந்த ஆண்டைத் தவறவிடாதீர்கள். அப்பாவின் பணி விடுவிப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை, உங்கள் மதிப்பெண் பட்டியல் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவரையே பக்கத்தில் உட்காரவைத்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். படைப்பிரிவு, பணி எண், பதவி ஆகிய விவரங்களை அவர்தான் பிழையில்லாமல் சொல்வார்.